இலையின் வாயும் அதன் காவலும்

இலைக்கு வாய் உண்டு என்றால் சிறுவர் நகைப்பர். ஒரு வாய் அன்று, ஒரு மாவிலையின் அடிப்புறத்தில் மட்டும் இலட்சக்கணக்கான வாய்கள் உள்ளன என்றால் பெரியோரும் ஐயுறுவர். எனினும் அஃது உண்மையே. கிரேக்க மொழியில் 'ஸ்டோமா' என்பது வாயைக் குறிக்கும் சொல். இலைத் தோலில் உள்ள நுண்துளைக்கு மேனாட்டுத் தாவர நூலார் அச்சொல்லையே பெயராக இட்டனர். தமிழில் இலைத்துளை என்ற பெயர் வழங்குகிறது. துளை என்றவுடன், எப்போதும் திறந்து கிடக்கும் ஓட்டை என்ற எண்ணம் எழக்கூடும். இதுவோ திறக்கவும் மூடவும் வல்லது. 'இல்வாய்' என்பது முன்பின்னாக மாறி 'வாயில்' என நின்றது என்று இலக்கணப் போலிக்கு எடுத்துக்காட்டுக் கூறும் தமிழாசிரியர்களுக்கு, இலையின் வாயை இலையின் வாயில் என்றே கொள்வதில் தடை இராது.

வாயில் என்றால் காவல் வேண்டும். ஒவ்வொரு துளையின் இருபுறமும் அவரை விதையைப் போல வளைந்த இரண்டு உயிரணுக்கள் எதிரெதிரே அமைந்திருக்கின்றன. அவையே காப்பணுக்கள். அவை நீர் உண்டு விம்மும்போது மேலும் வளைந்து விலகும். இடையே துளை திறக்கும். நீர் இழந்து தளரும்போது ஒன்றோடொன்று நெருங்கும், துளை மூடும். பல செடிகளில் துளையின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே.

இத்தனை சிறிய வாயிலுக்கு இத்தனை காவல் எதற்கு? செடி தன் உடலை வளர்க்க வேண்டிய கரியைக் காற்றிலுள்ள கரியமில வாயுவிலிருந்து பெறுகிறது. அந்த வாயுவோ காற்றின் பத்தாயிரம் பங்கில் நான்கு பங்கு அளவே உள்ளது. அதைப் பெற வாயிலைத் திறந்தாக வேண்டும். திறந்தாலோ இலையின் ஈரமான உட்புறத்திலிருந்து நீராவி வெளியேறும். திறவாவிட்டால் பசி, திறந்தால் தாகம். ஒரு கிராம் உலர்பொருளை ஆக்கிக்கொள்ளப் பல பயிர்கள் சில நூறு கிராம் நீரைக் காற்றில் விட்டுவிடுகின்றன. செடி இந்த இக்கட்டை எவ்வாறு ஆளுகிறது என்று அறிய அறிஞர்களுக்கு முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. இடையில் நெடுங்காலம் தவறான விடையே பாடமாகவும் ஓதப்பட்டு வந்தது.

முதலில் துளையைக் கண்டோர் இருவர். இத்தாலி நாட்டுப் பொலோனா நகரின் மருத்துவர் மார்ச்செல்லோ மால்பிகி ஒருவர். இங்கிலாந்து மருத்துவர் நெகேமியா குரூ மற்றவர். ஒருவர் செய்வதை மற்றவர் அறியாமலே இருவரும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ்ச் செடிகளை அறுத்துப் பார்த்து வந்தனர். குரூவின் அச்சிட்ட நூலும் மால்பிகியின் கையெழுத்துப் படியும் 1671 டிசம்பர் 7 அன்று, ஒரே நாளில், இலண்டன் இராயல் கழகத்தின் முன் வைக்கப்பட்டன என்பது அறிவியல் வரலாற்றின் வியப்புகளுள் ஒன்று. குரூ 1682இல் வெளியிட்ட பெருநூலில் இலைத் தோலிலுள்ள துளைகளைப் படத்துடன் விளக்கினார். அவை மிகையான சாறு ஆவியாகி வெளியேறவோ காற்று உள்ளே புகவோ அமைந்திருக்கலாம் என்று எழுதினார். இரண்டில் எது என்று அவர் முடிவு செய்யவில்லை. இரண்டுமே சரி என்பது பின்னர்த் தெரிந்தது.

வெளியேறும் நீரை முதன்முதல் முறையாக அளந்தவர் ஒரு பாதிரியார். தேம்ஸ் ஆற்றங்கரையில் டெடிங்டன் என்னும் சிற்றூரில் சமயப்பணி செய்து வந்த ஸ்டீபன் ஹேல்ஸ், 1724ஆம் ஆண்டு கோடையில் தொட்டியில் வளர்ந்த ஒரு சூரியகாந்திச் செடியை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டார். செடியின் உயரம் மூன்றரை அடி. தொட்டியின் வாயை மெல்லிய ஈயத் தகட்டால் மூடி, இடுக்குகளைப் பூசி அடைத்தார். மண்ணிலிருந்து ஆவி வெளியேற வழியில்லை. நீர் ஊற்ற ஒரு சிறு குழாய், அதற்கும் தக்கை. ஜூலை 3 முதல் ஆகஸ்ட் 8 வரை பதினைந்து நாட்கள், காலையும் மாலையும், தொட்டியோடு செடியை நிறுத்துப் பார்த்தார். பகல் பன்னிரண்டு மணி நேரத்தில் செடி இழந்த நீர் சராசரி 20 அவுன்சு. மிக வெப்பமான ஒரு நாளில் அது 30 அவுன்சாக உயர்ந்தது. பனி இல்லாத வெப்பமான இரவில் 3 அவுன்சு மட்டுமே குறைந்தது. சிறிது பனி விழுந்தாலும் இழப்பே இல்லை. பெரும்பனி பெய்த இரவிலோ எடை இரண்டு மூன்று அவுன்சு கூடியிருந்தது.

ஹேல்ஸ் இதனோடு விடவில்லை. செடியின் இலைகளை எல்லாம் அளந்து, மொத்தப் பரப்பு 5,616 சதுர அங்குலம் என்று கணக்கிட்டார். மனிதன் நாள்தோறும் வியர்த்து இழக்கும் நீரோடு ஒப்பிட்டு, உடல் அளவுக்கு உடல் அளவு பார்த்தால் சூரியகாந்தி மனிதனைப் போல் 17 மடங்கு நீரை உண்டு வெளிவிடுகிறது என்று கண்டார். தராசும் பொறுமையும் தவிர வேறு கருவி ஏதும் இன்றி ஒரு நாட்டுப்புறப் பாதிரியார் பெற்ற எண்கள் இவை. 1727இல் அவர் நூல் வெளியாயிற்று. இலைகள் காற்றிலிருந்தும் ஏதோ உணவைப் பெறுகின்றன போலும் என்றும் அதில் அவர் குறித்திருக்கிறார். அந்த 'ஏதோ' என்ன என்பதைப் பிரீஸ்ட்லி, இங்கன்ஹவுஸ், செனபியே, தெ சோசூர் ஆகியோர் 1771 முதல் 1804 வரை ஒருவர் பின் ஒருவராகத் தெளிவாக்கினர். செடியின் பச்சை உறுப்புகள் வெளிச்சத்தில் கரியமில வாயுவை ஏற்றுப் பிராணவாயுவை வெளிவிடுகின்றன என்பது அதன்பின் ஐயத்துக்கு இடமின்றி நின்றது.

ஆனால் அந்த வாயு எவ்வழியே உள்ளே போகிறது? துளை வழியே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அது பெரிய வழக்காக இருந்தது. பிரெஞ்சு அறிஞர் பூசங்கோ 1860களில் அரளி இலைகளைக் கொண்டு சோதனை செய்தார். அரளி இலையின் மேற்புறத்தில் துளைகளே இல்லை, எல்லாம் அடிப்புறத்தில். அவர் சில இலைகளின் மேற்புறத்திலும் சிலவற்றின் அடிப்புறத்திலும் கொழுப்பைத் தடவி அடைத்துப் பார்த்தார். துளையில்லா மேற்புறமே மிகுதியாக வாயுவை ஏற்கிறது என்ற முடிவு கிடைத்தது! அவர் பெயருக்கு இருந்த மதிப்பால் அக்கருத்து முப்பது ஆண்டுகள் அசையாமல் நின்றது. 1895இல் கேம்பிரிட்ஜின் பிளாக்மன் அதே அரளியை எடுத்துச் சோதனையைத் திரும்பச் செய்தார். பூசங்கோ பயன்படுத்திய காற்றில் கரியமில வாயு இயற்கை அளவைவிடப் பன்மடங்கு மிகுந்திருந்தது. துளைகள் திறந்திருந்த இலைகள் அந்த மிகுதியால் திணறி வேலை குன்றின. அடைபட்ட இலைகள் அளவாகப் பெற்று நன்றாக வேலை செய்தன. இயற்கையான காற்றில் வாயு துளை வழியாகவே செல்கிறது என்பதைப் பிளாக்மன் நாட்டினார்.

இங்கே வேறொரு புதிர் எழுந்தது. துளைகள் எல்லாம் திறந்திருந்தாலும் அவற்றின் மொத்தப் பரப்பு இலைப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு அளவே. அத்தனை சிறு இடத்தின் வழியே செடிக்கு வேண்டிய வாயு முழுதும் எப்படிச் செல்லும்? இதற்கு விடை கண்டவர் ஹொரேஸ் பிரவுன். பீர் வடிக்கும் ஆலைகளில் வேதியியல் அறிஞராக இருந்து புகழ் பெற்றவர் அவர். எஸ்கோம் என்னும் உதவியாளருடன் கியூ தாவரத் தோட்டத்து ஆய்வுக்கூடத்தில் உழைத்து 1900இல் முடிவை வெளியிட்டார். மெல்லிய தகட்டிலுள்ள ஒரு துளையின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதன் பரப்பு கால் பங்காகிறது. அதன் வழியே பரவிச் செல்லும் வாயுவோ பாதியாக மட்டுமே குறைகிறது. வாயுவின் போக்குப் பரப்பை ஒட்டியதன்று, விட்டத்தை ஒட்டியது. நடுவில் செல்லும் வாயு நெருக்குண்டு செல்ல, விளிம்பில் செல்வது நாற்புறமும் விரிந்து விரைந்து பரவுவதே காரணம். கணக்கிட்டுப் பார்க்கலாம்: ஒரு பெரிய துளையை அடைத்து, அதன் விட்டத்தில் பத்தில் ஒரு பங்குள்ள நூறு சிறு துளைகளைப் போதிய இடைவெளி விட்டு இட்டால், மொத்தப் பரப்பு மாறாது, செல்லும் வாயு பத்து மடங்காகும். இலைத் தோலின் அமைப்பு ஏறத்தாழ இத்தகையதே. வகுப்பில் கணக்கு ஆசிரியரும் தாவர நூல் ஆசிரியரும் சேர்ந்து நடத்தத்தக்க பாடம் இது.

இனிக் காவலர்களிடம் வருவோம். காப்பணுக்கள் எவ்வாறு இயங்குகின்றன என்று முதலில் தெளிவாகக் கேட்டவர் ஜெர்மனியின் தியூபிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹூகோ பான் மோல். 1856இல் அவர் இலைத் தோலை உரித்து நீரில் இட்டார், துளைகள் திறந்தன. சர்க்கரைக் கரைசலில் இட்டார், மூடின. ஆகவே காப்பணுவுக்குள் நீர் புகுந்து விம்முவதே திறப்புக்குக் காரணம் என்றார். நீர் தானாகப் புகாது. உள்ளே கரைந்த பொருள் மிகுந்தால்தான் அதை நாடி நீர் வரும். அந்தப் பொருள் யாது? பெரும்பாலான செடிகளில் இலைத் தோலின் மற்ற உயிரணுக்களில் பச்சை மணிகள் இல்லை, காப்பணுக்களில் உண்டு என்பதை மோல் கவனித்தார். வெளிச்சத்தில் அவை ஆக்கும் பொருளே நீரை இழுக்கிறது என்று கருதினார். பொருத்தமான ஊகம். பின்வந்தோர் பலரை வழிதவறச் செய்ததும் இதுவே.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இரு பிரான்சிஸ்களுக்கிடையே ஒரு சொற்போர் நிகழ்ந்தது. ஒருவர் சார்லஸ் டார்வினின் மகன் பிரான்சிஸ் டார்வின். கொம்பிலிருந்து சீவிய மெல்லிய துண்டை இலைமீது வைத்து, நீராவி பட்டு அது வளையும் அளவைக் கொண்டு துளையின் நிலையை அறிந்து 1898இல் எழுதினார். 1911இல் டொரோத்தியா பெர்ட்ஸ் என்னும் அம்மையாருடன் சேர்ந்து, இலையில் ஒட்டிய சிறு கிண்ணத்தின் வழியே காற்றை இழுத்து அதன் வேகத்தால் துளையின் திறப்பை மதிப்பிடும் கருவியையும் அமைத்தார். செடி தன் நீர்ச்செலவைத் துளைகளால் ஆளுகிறது என்பது அவர் கொள்கை. மற்றவர் பிரான்சிஸ் லாயிட். அமெரிக்காவின் அரிசோனாப் பாலைவன ஆய்வுக்கூடத்தில் உழைத்தவர். இலைத் தோலை உரித்த நொடியே சாராயத்தில் ஆழ்த்தித் துளையின் நிலையை அப்படியே நிறுத்தி அளந்தார். நீராவிப் போக்கு ஏறுவதும் இறங்குவதும் துளையின் அளவோடு ஒத்துப் போகவில்லை. ஆகவே துளை நீர்ச்செலவை ஆளவில்லை, வெயிலும் காற்றுமே ஆளுகின்றன என்று 1908இல் அறிவித்தார்.

யார் சொன்னது சரி? நெடுநாள் கழித்து, 1953இல், நெதர்லாந்தின் பாங்க என்பவர் இதற்கு அளவு முறையில் விடை தந்தார். காற்று அசையாதபோது இலையைச் சுற்றி ஈரக் காற்று ஒரு போர்வைபோல் தங்கிவிடுகிறது. அப்போது துளை பாதி திறந்தாலும் முழுதும் திறந்தாலும் வெளியேறும் ஆவியில் பெரிய வேறுபாடு இராது, போர்வையே தடை. காற்று வீசி அப்போர்வை அகன்றால் துளையின் ஒவ்வொரு சிறு அசைவும் கணக்கில் வரும். இருவர் கண்டதிலும் உண்மை இருந்தது. கண்ட சூழல்தான் வேறு.

லாயிட் மற்றொன்றையும் கண்டிருந்தார். இலையின் மற்றப் பகுதிகளில் பகலில் மாச்சத்துச் சேரும், இரவில் குறையும். காப்பணுக்களிலோ இரவில் மாச்சத்து மிகுந்தும், துளை திறக்கும் பகலில் குறைந்தும் இருந்தது. மாச்சத்து நீரில் கரையாது; அது சர்க்கரையாக மாறினால் கரையும், கரைந்தால் நீரை இழுக்கும், துளை திறக்கும். எவ்வளவு எளிய விளக்கம்! 1926இல் அமெரிக்கரான சேயர், இம்மாற்றம் காப்பணுவின் அமிலத்தன்மையைப் பொறுத்தது என்று காட்டினார். மாச்சத்தை மாற்றும் நொதி ஒன்று காப்பணுவில் இருப்பதாக 1948இல் சீன அறிஞர் இருவர் கண்டனர். பாடநூல்கள் இவ்விளக்கத்தை ஏற்றன. மாணவர் அதை எழுதி மதிப்பெண் பெற்றனர்.

ஆனால் சமையலறையிலேயே அதற்கு மறுப்பு இருந்தது. வெங்காயத் தாளின் காப்பணுக்களில் மாச்சத்தே இல்லை. இருந்தும் அதன் துளைகள் ஒழுங்காகத் திறந்து மூடுகின்றன! இந்த முரண்பாட்டை ஆய்வாளர் அறியாமல் இல்லை. விதிவிலக்கு என்று ஒதுக்கி வைத்தனர். விளக்கம் அழகாக இருந்தால் விதிவிலக்குக்கு எளிதில் இடம் கிடைத்துவிடுகிறது.

உண்மையான விடையின் முதல் துப்பு 1905ஆம் ஆண்டிலேயே வெளியாகியிருந்தது. கனடாவின் மக்காலம், உயிரணுக்களில் பொட்டாசியம் உள்ள இடத்தைச் சாயமிட்டுக் காட்டும் முறையைக் கையாண்டு, காப்பணுக்களில் அது செறிந்திருப்பதைக் கண்டார். அதன் பொருளை எவரும் தேடவில்லை. பின்னர் 1943இல் ஜப்பானிய அறிஞர் இமாமுரா, துளை திறக்கும்போது காப்பணுவில் பொட்டாசியம் மிகுகிறது, மூடும்போது குறைகிறது என்று விரிவாக எழுதினார். எழுதியது ஜெர்மன் மொழியில். வெளியானது ஜப்பானியத் தாவர இதழில். ஆண்டோ உலகப் போர் உச்சத்திலிருந்த ஆண்டு. மலாயாவும் சிங்கப்பூரும் ஜப்பானியர் பிடியில் இருந்த காலம் அது. அந்த இதழ் இலண்டனிலோ கேம்பிரிட்ஜிலோ அன்று எவர் மேசைக்கும் போய்ச் சேர்ந்திருக்க வழியில்லை. போர் முடிந்த பின்னும் அதைத் தேடிப் படித்தோர் அரியர். ஜப்பானில் மட்டும் சிலர் அவ்வழியைத் தொடர்ந்தனர். அவர்களுள் ஒருவரான பூஜினோவின் முக்கியக் கட்டுரை 1967இல் வெளியானது நாகசாகிப் பல்கலைக்கழகக் கல்வித் துறையின் இதழில்.

1968இல் அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பிஷர் என்பவர், ஐரோப்பிய அவரை வகை ஒன்றின் இலைத் தோலை உரித்துப் பொட்டாசியம் உப்புக் கரைசலில் மிதக்கவிட்டு, வெளிச்சத்தில் காப்பணுக்கள் பொட்டாசியத்தை உறிஞ்சுவதையும் துளை திறப்பதையும் அளந்து காட்டினார். மூன்று ஆண்டுகளில், மின்னணுக் கதிரைக் கொண்டு தனித்தனிக் காப்பணுவில் உள்ள பொட்டாசியத்தின் அளவே கணக்கிடப்பட்டது. மூடிய நிலையைவிடத் திறந்த நிலையில் அது பன்மடங்கு மிகுந்திருந்தது. இமாமுரா எழுதியபடியே. கால் நூற்றாண்டு, ஒரு மொழி வேலியாலும் ஒரு போராலும் இழந்த காலம். பாடநூல்களோ அதன் பின்னும் மெதுவாகவே மாறின. சர்க்கரை விளக்கம் பல பள்ளிகளில் மேலும் பல ஆண்டுகள் ஓதப்பட்டது. மாச்சத்துக்குப் பங்கே இல்லை என்று சொல்லவும் இயலாது. பொட்டாசியத்துக்குத் துணையாகச் செல்லும் கரிம அமிலத்தை ஆக்க அது உதவுகிறது. தலைவன் என்று நினைத்தது துணைவனாக முடிந்தது, அவ்வளவே.

காவலருக்குக் கட்டளை எங்கிருந்து வருகிறது என்பதும் அடுத்துத் தெரியலாயிற்று. காலை ஒளியிலுள்ள நீலக் கதிர் ஒரு கட்டளை. அதை உணரும் புரதங்கள் எவை என்று 2001இல் ஜப்பானியக் குழுவினர் கண்டனர். வறட்சி மற்றொரு கட்டளை. வாடும் கோதுமை இலையில் அப்சிசிக் அமிலம் என்னும் பொருள் சில மணி நேரத்தில் மிகப் பெருகுவது 1969இல் வெளிப்பட்டது. இப்பொருள் பட்டால் காப்பணுக்கள் பொட்டாசியத்தை வெளியேற்றித் தளர்ந்து மூடும். எப்போதும் வாடியே நிற்கும் ஒரு தக்காளி இனத்துக்கு இப்பொருள் குறைவு. அதைத் தெளித்ததும் செடி நிமிர்ந்தது என்று 1970இல் இஸ்ரேல் நாட்டு ஆய்வாளர் இருவர் எழுதினர்.

பகலில் திறந்தால் வெயிலுக்கு நீர் போகிறது. இரவில் திறந்தால் என்ன? அப்படியும் சில செடிகள் செய்கின்றன. அந்த வழியின் முதற் குறிப்புகளுள் ஒன்று தமிழகத்தோடு தொடர்புடையது. பெஞ்சமின் ஹெய்ன் என்னும் ஜெர்மானியர் சமயப்பணிக்காகத் தரங்கம்பாடிக்கு வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கும்பினியின் தாவர அறிஞராகி, 1819இல் சென்னையில் மறைந்தார். ரணகள்ளியின் இலையை அவர் காலையில் மென்று பார்த்தார், புளித்தது. நண்பகலில் சுவையே இல்லை. மாலையில் சற்றுக் கைத்தது. இதை அவர் எழுதிய கடிதம் 1815இல் இலண்டன் லின்னேயஸ் கழகத்தின் ஏட்டில் வெளியாயிற்று. நாவையே கருவியாகக் கொண்ட இந்தக் கண்டுபிடிப்பின் பொருள் விளங்க நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ரணகள்ளி இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறந்து, கரியமில வாயுவைப் பெற்று, அமிலமாக்கிச் சேமிக்கிறது. பகலில் கதவை மூடிக்கொண்டு, அந்த அமிலத்தைச் சிதைத்துக் கரியமில வாயுவை உள்ளேயே மீட்டுச் சர்க்கரை ஆக்குகிறது. காலைப் புளிப்பு, இரவின் சேமிப்பு. ஜொகூர்த் தோட்டங்களில் விளையும் அன்னாசியும் இவ்வினத்தைச் சேர்ந்த வழக்கமுடையதே.

துளைகள் திறப்பதும் மூடுவதும் நாழிகைக் கணக்கு. அவற்றின் எண்ணிக்கையோ காலத்துக்கு ஏற்ப மாறுகிறது என்பது 1987இல் தெரியவந்தது. வுட்வர்டு என்னும் அறிஞர் கேம்பிரிட்ஜில் உலர்த்தித் தாளில் ஒட்டிப் பாதுகாக்கப்பட்ட மர இலைகளை எடுத்து, பழையனவற்றையும் புதியனவற்றையும் உருப்பெருக்கியின் கீழ் வைத்துத் துளைகளை எண்ணினார். இருநூறு ஆண்டுகளில் துளைகளின் செறிவு நூற்றுக்கு நாற்பது அளவு குறைந்திருந்தது. ஆலைகள் பெருகுவதற்கு முன் காற்றில் பத்து இலட்சத்துக்கு ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு, இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. வாயு மிகுந்தால் குறைந்த வாயில்களே போதும்; நீரும் மிஞ்சும். அந்த இலைகளைப் பறித்து ஒட்டிப் பெயரெழுதி வைத்தவர்கள் மரத்தின் இனம் அறியவே அவ்வாறு செய்தனர். துளையை எண்ண ஒருவர் வருவார் என்று அவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள்.